வலது இமை

அரவேணு வளைவில், மழைக்கு நடுவே
ஷெட் வாசலில் வந்து நின்றது சிவப்பு வண்டி,
இடது கண் விழித்து
வலது கண் அரைத் தூக்கத்தில்.

இரண்டே கதவு. இரண்டே இருக்கை.
விளக்குகள் பானெட்டுக்குள் படுத்துக் கிடக்கும்,
சுவிட்சைத் தட்டினால் இமை தூக்கி எழும்.
இந்த மலையில் யாருக்கும் தேவைப்படாத வண்டி.
ஊரைக் காலி செய்த எஸ்டேட் மேனேஜரிடம்
பேரம் பேசாமல் வாங்கியிருந்தார்
மாட்டு டாக்டர் ஹரிணி போஜன்.

"மாடுங்க ராத்திரியிலதான் கன்னு போடுது யோகேஸ்.
வலது லைட் இல்லாம போனா
எதிர்ல வர்ற லாரிக்காரன் பைக்குன்னு நெனச்சு
என் பக்கமே ஏறி வர்றான்."

ரிலே டிக் டிக் என்றது.
இமை துடித்தது, எழவில்லை.
வலது கண் துடித்தால் ஆணுக்கு நல்லது
பெண்ணுக்கு ஆகாது என்பார்கள்.
வண்டி எந்தக் கணக்கில் வரும் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

முதல் நாள் பல்பை மாற்றினேன்.
அதே வெளிச்சம்,
மூன்றாம் முறை கொதிக்கவிட்ட டீத்தூளின் நிறத்தில்.
மறுநாள் ஃபியூஸ், ரிலே.
அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து
பஸ்ஸில் ஏறி வந்தது ஒரு பழைய மோட்டார்,
பார்சல் கூலி எழுபது.
மாட்டிப் பார்த்தேன்.
அதுவும் சோம்பேறி.

அதுவரை ஒவ்வொரு ராத்திரியும்
ரப்பர் மூடிக்கு அடியிலிருக்கும் திருகைத்
தேடித் திருகி இமையைத் தூக்கியிருக்கிறார் டாக்டர்,
நனைந்துகொண்டே,
பசுவின் வயிற்றுக்குள் போகிற அதே கையால்.

பிறகுதான், வெட்கத்தோடு,
மீட்டரை எடுத்தேன்.
பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி நான்கு.
விளக்கின் வாயில் ஒன்பது புள்ளி ஒன்று.
வழியில் யாரோ தின்கிறார்கள்.
போகிற ஒயரில் பெரிய திருட்டில்லை.
விளக்கின் கறுப்பு ஒயரில் ஒரு முனை,
பேட்டரியின் மைனஸில் மறு முனை:
மூன்று புள்ளி ஒன்று.
போகத் தெரிந்த கரண்டுக்குத்
திரும்ப வழியில்லை.

என் அப்பாவின் அட்டையில்
'தாயகம் திரும்பியவர்' என்று முத்திரை இருக்கும்.
அவர் பிறந்தது அட்டனில்.
அதற்கு முன்னால் கடலின் இந்தப் பக்கத்தைப்
பார்த்ததுகூட இல்லை.
வராத இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று
எந்த கவுண்டரிலும் கேட்கவுமில்லை.
கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த நேரத்தில்
ரேடியோக்களைப் பிரித்துப் பார்ப்பார்.
பாதி ரேடியோக்கள் பாடின.

மட்கார்டுக்கு உள்ளே கை நுழையாத மூலை.
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
போல்ட்டைச் சுற்றி அழகான சிவப்பு.
விற்பதற்கு முன் மேனேஜர் அடித்த பெயிண்ட்.
எர்த் ஒயரை அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள்.
விளக்கும் மோட்டாரும் கால் ஊன்றியிருந்தது
இரும்பில் அல்ல, நிறத்தில்.
ஒயரின் வளையத்தில் பச்சையாய்க் களிம்பு.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்,
ஒரு ரூபாய் அகலத்துக்கு
வெறும் தகரம் கண்கூசும்வரை.
கொஞ்சம் கிரீஸ். முடுக்கல்.

சுவிட்ச்.

இரண்டு இமையும் ஒரே மூச்சில் எழுந்தன.
ரோட்டுக்கு அப்பால், பனிக்குள்
அவ்வளவு நேரமாக அங்கேயே மேய்ந்துகொண்டிருந்த
காட்டெருமை ஒன்று
தலை தூக்கி எங்களைப் பார்த்தது.
நாங்கள்தான் அதை இப்போது பார்க்கிறோம்.

"எவ்வளவு ஆச்சு?"
வேண்டாத மோட்டாரைக் கணக்கில் சேர்க்கவில்லை.
நூற்றைம்பது, எர்த்துக்கு, என்றேன்.
அவர் சிரிப்பதற்குள் தூனேரியிலிருந்து போன்:
கால் முதலில் வந்துவிட்டதாம்.

காலையில் ஒரு மெசேஜ்.
'காளைக் கன்னு. தாய் நல்லாருக்கு.
ஒண்ணு கேக்கணும் யோகேஸ்,
இடது லைட்
எப்பவுமே இவ்வளவு மங்கலாவா இருந்துச்சு?'