ஆறு நாளுக்கு ஒருமுறை

முதலில் போனது நிறம்.
நுனியின் ஊதா வெளுத்து
அடிக்கொம்பில் வட்ட வட்டமாய்
யாரோ நகத்தால் கிள்ளியெடுத்ததுபோல் தழும்புகள்.

விளக்கு அதிகமோ என்று குறைத்தேன்.
உப்பு கூடிவிட்டதோ என்று அளந்தேன்.
சுண்ணாம்பு, காரம், எல்லாம்
நோட்டில் ஒழுங்காக நின்றன,
வருகைப் பதிவேட்டில் பிள்ளைகள் மாதிரி.

நான் இரவு ஒன்றரைக்கு மேல்
கடைசி ரயில் கொட்டகை சேர்ந்தபின்
தண்டவாளத்தில் நடக்கிறவன்.
முடியளவு விரிசல் போதும்,
கைவிளக்கில் சிக்கிவிடும்.
என் வீட்டு மூன்றடிக் கடலில்
மூன்று வாரம் எதுவும் சிக்கவில்லை.

கண்டுபிடித்தது டெங்கி அதிகாரி.
பொங்கோல், பதினோராம் மாடி, புதன்கிழமை பகல்.
நான் தூக்கம் கலைந்து கதவைத் திறந்தேன்.
கழுத்தட்டையில் சுல்கிஃப்லி என்றிருந்தது.
பூந்தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்த்தார்,
துணிக்கம்பு செருகும் குழாயில் எட்டிப் பார்த்தார்,
பிறகு தொட்டி முன் வந்து நின்றார்.
"உப்புத் தண்ணீர், ஓடுகிற தண்ணீர்" என்றேன் அவசரமாக.
தெரியும் என்பதுபோல் தலையசைத்து
விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார்.
"ஆடா ச்சாச்சிங்."

புழு இருந்தது.
தாளைவிட மெல்லியது.
பவளத்தின் மேல், பவளத்தின் நிறத்திலேயே,
தின்றதை உடுத்திக்கொண்டு படுத்திருந்தது.
"இதற்கு அபராதம் இல்லை," என்று சிரித்துக்
கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

பாசிர் ரிஸ் பண்ணையில்
நாற்பது வெள்ளித் தள்ளுபடிக் கிளை.
தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.
அன்றிரவே இறக்கிவிட்டேன்.

வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா,
தொட்டி நீர் இரண்டு லிட்டர்,
பைன் எண்ணெய் வாசமடிக்கும் மருந்து.
ரப்பர்க்குமிழ்க் குழாயால் கொம்புகளுக்கிடையே பீய்ச்சினேன்.
ஒன்று உதிர்ந்தது.
பிறகு ஏழு.
பிறகு எண்ணவில்லை.
தாட்சாயணி எட்டிப் பார்த்தாள்.
"அந்த டப்பா இனி சமையலறைக்கு வரக்கூடாது."

மருந்து முட்டையைத் தொடாது.
செத்த எலும்பின் அடியில்
பொன்னிறப் பொட்டுகளாய் ஒட்டியிருக்கும்.
கத்தி முனையால் சுரண்டினேன்,
எட்டாத இடத்தை வெட்டினேன்,
வெட்டிய காயத்தைப் பசையால் மூடினேன்.
அப்படியும் ஒன்றிரண்டு தப்பும்.
தப்பியது பொரித்து, வளர்ந்து,
முட்டையிடுமுன் அடுத்த முழுக்கு.
ஆறு நாளுக்கு ஒருமுறை, ஆறு முறை.
நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டேன்.
மகள் நித்திலா யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள்.

ஒவ்வொரு முழுக்கிலும் பவளமும் நோகும்,
பழுப்புக் கோழை கக்கும்.
பத்து நிமிடம் பொறுக்கும்.
பதினைந்து பொறுக்காது.
இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.
பச்சைக் கிளையைக் கேட்டால் சொல்லும்,
அது இருந்திருந்தால்.

மூன்றாம் முழுக்கு தீபாவளிக்கு முந்தின இரவு.
வீடெல்லாம் முறுக்கு வாசம், என் கையில் பைன்.
"எண்ணெய்க்குளியல் முதலில் அதற்கா?" என்றாள்.
எங்களுக்கு முப்பத்தொரு பாகை, மின்விசிறி.
அதற்கு இருபத்தைந்து, குளிரூட்டி.
குளிரூட்டி துப்பும் சூட்டுக்காற்றில்
நித்திலாவின் பள்ளிச்சீருடையைக் காயப்போட்டிருக்கிறாள்.
அவளுக்கும் இந்தக் கடலால் ஏதோ லாபம் வேண்டுமே.

நான்காவதில் பதினொன்று.
ஐந்தாவதில் இரண்டு, குட்டிகள், கண்ணாடித்தூள் போல.

ஆறாவதில் டப்பாவின் அடி வெள்ளையாக இருந்தது.
சாய்த்துப் பார்த்தேன்.
விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன்,
சுல்கிஃப்லி பிடித்த மாதிரி.
வெறும் வெள்ளை.

அன்றிரவு வேலையில்
ஒரு நல்ல தண்டவாளத்தின் முன்
அதிக நேரம் குந்தியிருந்தேனாம்.
உடன் வந்த கியோங் ஹான்
என்ன விரிசலா என்று இரண்டு முறை கேட்டான்.

நுனியில் இப்போது ஊதா,
ஊசி குத்திய அளவு.
சிவப்பு வட்டங்கள் முடிந்துவிட்டன.
இன்று ஆறாம் நாள்.
டப்பாவைக் கழுவி
இரண்டு லிட்டர் நீரை மொண்டு வைத்திருக்கிறேன்.