நூற்றுக்குப் பதினொன்று

வெருலத்தில் விடியுமுன் கிளம்பினேன்.
பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி,
அதற்குள் முப்பது காலிப் புட்டிகள்.
திறந்தால் ஒன்றுமே மணக்காது. மாலைக்குள் அது போய்விடும்.

நாடு முழுக்கக் கழிவுநீர் நிலையங்களுக்கு
மதிப்பெண் போடுவது என் வேலை.
கல்யாண வீடுகளில் "ஆய்வாளர்" என்று மட்டும் சொல்வாள் அம்மா.
எதை ஆய்வது என்று கேட்டால்
பிரியாணி ஆறுகிறது என்பாள்.

எங்கள் ஊர் ஆற்றிலும் பலகை நட்டிருக்கிறார்கள்,
இறங்காதே என்று மூன்று மொழியில்.
தமிழில் இல்லை என்பதால்
காவடிக்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள்.

வான் ரீனன் கணவாய் தாண்டியதும் நிலம் தட்டையாகும்.
சோளம், சோளம், ஒரு காற்றாலை, சோளம்.
ஊருக்கு முன்னால் ஊரின் நாற்றம் வந்து நிற்கும்.
அதை வைத்தே பாதி அறிக்கையை முடித்துவிடலாம்.
மூக்குக்குப் படிவத்தில் இடமில்லை.

வாசலில் கதவு இல்லை. பழைய இரும்புக்குப் போயிருக்கும்.
செம்புக் கம்பி மார்ச்சில் போனது,
மோட்டார் அதற்கும் முன்னே.
குளோரின் உருளை தட்டினால் மணியடிக்கிறது.
குளத்து நடுவில் காற்றடிப்பான்கள்,
சாமி இறங்கிவிட்ட நான்கு சப்பரங்கள்.

உள்ளே ஒரே ஆள். மொஹாபி லெட்டுகா.
மடிப்புக் கலையாத நீல மேலங்கி.
"பேனா இருக்கிறதா, ம்மே?" என்றார் முதலில்.
ம்மே என்றால் அவர்கள் மொழியிலும் அம்மாதான்.
அவருடையது நேற்றே தீர்ந்துவிட்டதாம்.

பதிவேட்டை நீட்டினார்.
ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்தபடி புரட்டினேன்.
கறிக்கு உதவாததைக் கணக்கெடுக்கத்தானே
எனக்குச் சம்பளம்.

நாள் தவறாமல். ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி.
உள்வரவு: மீட்டர் இல்லை.
ஆக்ஸிஜன்: மீட்டர் இல்லை.
வெளியேற்றம்: ஆற்றுக்கு.
நிறம்: தேயிலை. நிறம்: தேயிலை.
நிறம்: மழைக்குப் பின், பால் விட்ட தேயிலை.
சல்லடையில்: கந்தல் இரண்டு வாளி, பள்ளிக் காலுறை ஒன்று,
பல்செட் ஒன்று, மேல்வரிசை, எவரும் தேடி வரவில்லை.
கொக்கு: நான்கு. கொக்கு: நான்கு. கொக்கு: மூன்று.

கொக்கு எதற்கு என்று கேட்டேன்.
"மீட்டரெல்லாம் போய்விட்டது.
எண்ணுவதற்கு அதுதான் இருந்தது."

நான்கும் சுழன்ற காலத்தில்
இரைச்சலில் தூங்க முடியவில்லை என்று
பக்கத்துத் தெரு புகார் எழுதுமாம்.
"இப்போது யாரும் எழுதுவதில்லை" என்றார்,
ஏதோ கடிதம் எதிர்பார்த்தவர் போல.

சேறு காயவைக்கும் படுகையில் தக்காளி பழுத்திருந்தது.
யாரும் விதைக்கவில்லை. ஊர் தின்று, ஊர் கழித்து,
குழாய் குழாயாகக் கடந்துவந்த விதைகள்.
அந்த வளாகத்தில்
வந்த வேலையை முடித்தவை அவைதான்.
"இதை மட்டும் திருடர்கள் தொடுவதில்லை" என்றார்.

கழுத்தளவு நாணலை விலக்கி ஓடைக்கு இறங்கினேன்.
புட்டி நிரம்பும்போது எதிர்க்கரையில்
ஒருத்தி போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.
கையசைத்தாள்.
நானும் அசைத்தேன்,
கையுறை போட்ட கையை.

சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம்.
அவள் மொழியில் எனக்கு ம்மே மட்டும்தான் தெரியும்.

இரவு அடுத்த ஊர் விடுதியில் கூட்டிப் பார்த்தேன்.
இயந்திரம் சுழி. நீர்த்தரம் சுழி.
பதிவுகளுக்கு முழுசாகப் பத்து,
பணியாளர் வருகைக்கு ஒன்று.
நூற்றுக்குப் பதினொன்று.
பிற குறிப்புகளில் "கொக்கு மூன்று" என்று எழுதி
அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்று அடித்தேன்.
அடித்ததற்கு மேலேயே திரும்ப எழுதினேன்.

படுக்குமுன் கழிப்பறைக் கைப்பிடியை அழுத்தினேன்.
சுழன்றது, இறங்கியது, பீங்கான் வெள்ளையாயிற்று.
பக்கத்து அறையிலும் யாரோ அழுத்தினார்கள்.
சுவருக்குள் இரண்டும் சேர்ந்து
பேசிக்கொண்டே போவது கேட்டது.

காலை எட்டுக்கு இந்த ஊர் நிலையம்.
எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.