ஐந்துக்கு மூன்று

மொண்டெவிடியோவில் நாடக அரங்குகள் பூட்டிக் கிடக்கும் ஜூலை.
வாடகைக்காக மருத்துவக் கல்லூரியில்
நோயாளியின் மனைவியாக நடிக்கிறேன்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
அடுத்த அறையில் என் கணவர் இறக்கிறார்.
மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைச் சொல்ல வேண்டும்.
நான் அழ வேண்டும்.
அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு
அவர்களுடைய இரக்கத்துக்கு
ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும்.

ஹிமேனா
நாற்காலியை இழுத்துப் போட்டு
முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள்.
"இறந்துவிட்டார்" என்றாள்.
முயன்றோம், முடியவில்லை, கடவுள் சித்தம்,
எதுவும் இல்லை.
பிறகு வாயை மூடினாள்.
என் அழுகை ஓய்ந்து, மூக்கைச் சிந்தி,
சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கும்வரை
மூடியே இருந்தாள்.

மூன்று போட்டேன்.
கையையாவது பிடித்திருக்கலாம்,
பெண்தானே.

அடுத்து யமண்டு.
கதவுப் பிடியில் கோட்டுப் பை மாட்டிக் கிழிந்தது.
இறந்தவர் பெயரைத் தப்பாகச் சொன்னான்.
காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தான்,
பாதி என் மடியில்.
பாவம், ஆம்பளைப் பையன்,
அதுவாவது தோன்றியதே.
ஐந்து.

தேர்வு முடிந்து அவர்களுக்கும் ஒரு படிவம்:
"பிறர் வலி எனக்கும் வலிக்கிறது.
ஆம், இல்லை, சில சமயம்."
பெண்கள் வரிசையில் ஆம், ஆம், ஆம்.
இல்லை என்று சொன்ன பெண்ணை
எந்த வீடு சும்மா விட்டது?
யமண்டு பேனாவைக் கடித்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.
கடைசியில் 'இல்லை'.
கிழிந்த பையை ஒரு கையால் மூடியபடி
எழுந்து போனான்.

படிவங்களைக் கட்டிக்கொண்டிருந்த
டாக்டர் இராசாபாலிடம்
ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேட்டேன்.
"மையில் போட்டது போட்டதுதான் அம்மா.
எப்படியும் இந்த வருடமும்
பெண்கள்தான் முன்னால் இருப்பார்கள்.
நல்ல வித்தியாசம், கட்டுரைக்கு ஆகும்."

பேருந்தில் ஆற்றுக் காற்று ஜன்னலை அடித்தது.
கடல் மாதிரி அகன்ற ஆறு அது.
அக்கரை இருக்கிறதென்று
நம்பத்தான் வேண்டும்.

வீட்டில் எலிசேயோ,
என் அசல் கணவர்,
செருப்பைத் தேடியபடி கேட்டார்:
"இன்று எத்தனை தடவை செத்தேன்?"

ஒன்பது.

"யாராவது ஒழுங்காகச் சொன்னார்களா?"

ஒருத்தி.

"அவளுக்கு எவ்வளவு போட்டாய்?"

மத்தே போடும் தண்ணீர் கொதிக்கக் கூடாது,
இலை கசந்துவிடும்.
கெட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
கொதித்தது.