கள்ளிக்குடி விலக்கு

கூப்பன் மதினி கொடுத்தது.
சனி மதியம் உள்ளே, ஞாயிறு பதினொன்றுக்கு வெளியே,
காலைச் சாப்பாடு சேர்த்தி, ஒட்டகம் தனி.

திருமங்கலம் தாண்டி
ஸ்கூட்டரின் பின்னால் பையை மடியில் வைத்திருந்தேன்.
விலக்கில் பலகை:
ஈச்ச மரம், கூடாரம், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒட்டகம்.
பாலைவன அனுபவம், மதுரைக்கு அருகிலேயே!
வண்டியை நிறுத்தி முழுசாய் வாசித்தார்.
"பதினோரு வருசம் இருந்தேன்.
எனக்கு இவங்கதான் காசு தரணும்."

பள்ளிக்கூடத்தில் ஐந்து திணையும் ஒப்பித்திருக்கிறேன்.
பாலைக்குப் பிரிவு. இரண்டு மதிப்பெண்.
ஸ்கூட்டரில் ஜோடியாய்ப் பாலைக்குப் போனால்
அது என்ன திணை, டீச்சர் சொல்லவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் சீமைக்கருவேலம்,
அந்தப் பக்கம் சஹாரா.
நடுவில் டோக்கன் கிழிக்கும் பையன்.

பேரீச்சம்பழமும் ரோஸ்மில்க்கும் வாங்கிக்கொண்டு
திரும்பினால், குனிந்து மணலை அள்ளித்
தேய்த்துக்கொண்டிருக்கிறார். கொத்தனார் கை.
"கிரஷர் மணல். மேலூர்ப் பக்கம் உடைச்சது.
செம்மண் போட்டு நிறம் ஏத்திருக்கான்.
அங்க உள்ளது கையில நிக்காது,
சலிச்ச மாவு மாதிரி ஓடிரும்.
சோத்துல இருக்கும், காதுல இருக்கும்,
பணம் அனுப்புற ரசீதுலயும் இருக்கும்."

அந்த ஊரைப் பற்றி
அவர் எனக்குச் சொன்ன முதல் சேதி இது.

வெள்ளிக்கிழமை போனில் இதற்கெல்லாம் நேரமில்லை.
பணம் வந்துச்சா, காய்ச்சல் விட்டுச்சா,
கரண்ட் பில் கட்டியாச்சா,
சரி, வைக்கிறேன்.
திரும்பி வந்து இரண்டு வருசம்.
இன்னும் டம்ளர் எங்கே என்று கேட்டுத்தான்
தண்ணீர் குடிக்கிறார்.

ஒட்டகக்காரர் பூராராம், பார்மேர்க்காரர்.
அவரோடு இந்தியில் பேச ஆரம்பித்ததும்
இவர் வேறு ஆள்.
கையை வீசுகிறார், தோளில் தட்டுகிறார்,
ஏதோ கெட்ட வார்த்தைகூட வந்திருக்கும்,
அப்படி ஒரு சிரிப்பு இரண்டு பேருக்கும்.
சோலைமலை என்று பெயரைச் சொல்லி
அர்த்தமும் சொன்னார் போல.
பூராராம் நாலாப்பக்கமும் தேடிப் பார்த்தார்.
ஒட்டகம் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி
கருவேலங்காயைத் தின்றுகொண்டிருந்தது.

நான் ஏறினேன். அது எழுந்தபோது
கத்தினேன் என்று இவர் சொல்கிறார்.
கத்தவில்லை.

ராத்திரி கூடாரத்தில் ஏசி பல்லைக் கிட்டியது.
இரண்டு மணிக்கு முழித்தால் பக்கத்தில் ஆளில்லை.
வெளியே மணலில், கைலியோடு,
தலைக்குக் கையை வைத்துப் படுத்திருந்தார்.
"தூங்கலையா தவமணி?"
நானும் உட்கார்ந்தேன்.

கொட்டகை ஓரம் பூராராம் போனில்.
திரையின் வெளிச்சம் மீசைவரைக்கும்தான்.
அந்தப் பாஷை எனக்கு ஒரு சொல் தெரியாது.
ஆனாலும் புரிந்தது: பணம் வந்ததா,
காய்ச்சல் விட்டதா.
பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
காதிலிருந்து போனை எடுக்கவுமில்லை.

"நீங்களும் இப்படித்தான், நடுவுல
சத்தமே இருக்காது," என்றேன்.
"நான் ஹலோ ஹலோன்னு கத்துவேன்.
சிக்னல் போச்சுன்னு நெனச்சுக்குவேன்."

ரொம்ப நேரம் கழித்து,
"சிக்னல் இருந்துச்சு," என்றார்.

காலையில் பூரி. பூரிக்குக் கூட்டம்.
ஒட்டகத்துக்கு அறுநூறு, ஜிஎஸ்டியோடு.
கிளம்பும்போது பூராராமிடம் இவர்
என்னவோ சொன்னார், அவர் தலையாட்டினார்.
என்ன சொன்னீங்க?
"ஒண்ணுமில்ல."

செருப்பில் மணல். அதோடே ஏறிக்கொண்டேன்.

பழங்காநத்தம் சிக்னலில் சிவப்பு.
நெற்றியைத் துடைத்துவிட்டுப் பாதி திரும்பி,
"ஒருநாள் அங்க மழை பேஞ்சுச்சு, தெரியுமா?
சாரத்து மேல நின்னுக்கிட்டிருக்கேன்,
கீழ மலையாளத்தானுக எல்லாம்
சட்டையக் கழட்டிட்டு..."

பச்சை விழுந்தது.
பின்னால் டவுன் பஸ் ஹாரனை அமுக்கியது.
இவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.