புள்ளி ஏழு

பையின் மேல் மண்டையோட்டுப் படம்.
முகமூடி, முழங்கை வரை கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி,
நிலாவில் இறங்குகிறவள் போல உடுத்திக்கொண்டு
வெள்ளைத் தூளைத் தொட்டியில் சரிக்கிறேன்.
வீட்டுக்குப் போய்
அதே தண்ணீரில் மகளுக்கு ஓட்ஸ் காய்ச்சுகிறேன்.

பதினாறு வருடமாக இதுதான்.
லிட்டருக்குப் புள்ளி ஏழு மில்லிகிராம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
அந்த அளக்கிற ஆள் நான்.
டகோட்டாவின் இந்த மூலையில், ஹெல்ம்ஸ்டட் ஊரில்
யாரும் என் பேரைக் கேட்டதில்லை,
இந்த நவம்பர் வரை.

பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் மடக்கு நாற்காலிகள்.
வெளியே பனி தள்ளும் வண்டியின் உறுமல்.
பல் மருத்துவர் லுசிண்டா ஹாஃப்ட் திரையில் ஒரு வாயைக் காட்டினார்.
நான்கு வயதுப் பையன்.
எரிந்து முடிந்த தீக்குச்சிகள் ஒரு வரிசை.
மயக்கம் கொடுத்து எட்டைப் பிடுங்கினோம் என்றார்.
அரங்கம் மூச்சை இழுத்துக்கொண்டது.

"என்னைக் கேட்காம எனக்கு மருந்து கொடுக்க நீங்க யாரு?"
பின்வரிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி.
அதற்கும் கைதட்டல்.
சில கைகள் இரண்டுக்கும் தட்டின.
என் கைகளும்.

அப்புறம் ஓரின் ப்ளெக்கர். ஊர் எல்லைக்கு வெளியே பண்ணை,
ஓட்டு இல்லை, குரல் உண்டு.
ஊறுகாய் ஜாடி நிறையத் தண்ணீரைத் தூக்கிக் காட்டினார்.
"இதுதான் தண்ணி. எங்கப்பா வெட்டின கிணறு.
இதுல எவனும் எதையும் போடல."
ஜாடியை மறந்துவிட்டுப் போனார்.
நாற்காலிகளை அடுக்கிவிட்டு நான் எடுத்து வந்தேன்.

இரவுப் பணி. குப்பி, சிவப்புத் திரவம், கருவியின் சின்னத் திரை.
ஒன்று புள்ளி ஒன்பது.
கழுவினேன். மறுபடி.
ஒன்று புள்ளி ஒன்பது.

எவனும் போடவில்லைதான்.
பாறை போட்டது,
கூட்டம் கூட்டாமல், யாரையும் கேட்காமல்.

அவர் பல் ஞாபகம் வந்தது.
தேநீர்க் கறை போலப் பழுப்பு விழுந்து,
எழுபத்தி நாலு வயதில் ஒன்றுகூட உதிராமல்.
இதை யார் கணக்கில் எழுதுவது?
லுசிண்டாவிடம் சொன்னால் "பார்த்தீங்களா" என்பார்.
பின்வரிசைக்காரியும் "பார்த்தீங்களா" என்பாள்.

காகித நாடாவில் எண்ணை எழுதி ஒட்டி
ஜாடியை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
நாய் குரைத்தது. விளக்கு எரியவில்லை.

செவ்வாய்க்கிழமை எண்ணினார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு வேண்டாம், நானூற்று மூன்று வேண்டும்.
எழுத்தர் போனில் சொன்னார், "நிறுத்திடுங்க, வெர்னா."
நிறுத்தினேன்.
டிக், டிக் என்று ஒரு பம்பு இத்தனை நாள் துடித்தது
நின்ற பிறகுதான் காதில் விழுந்தது.
மிச்சம் பதினோரு பைகள்.
திருப்பி அனுப்ப மூன்று படிவங்கள், எல்லாவற்றிலும் 'அபாயகரமானது' என்று
பெரிய எழுத்தில் நிரப்ப வேண்டும்.

சனிக்கிழமை ஆலைக் கதவருகே அதே ஜாடி, காலியாக.
என் எண்ணுக்குக் கீழே
தச்சர் பென்சிலில், கோணல் எழுத்தில்:

"இதை நிறுத்த யாருக்குப் போன் பண்ணணும்?"

நாடாவில் பதிலுக்கு இடமில்லை.