மணல் குறைந்த ஊர்

ஆமர் வீதி, இரண்டாம் மாடி, ஆடும் மின்விசிறிக்குக் கீழே
சைப்பிரஸின் கிழக்குக் கரையை
நான்தான் தட்டச்சு செய்கிறேன்.
ஐயா நாப்பா. புரோட்டராஸ். பரலிம்னி.
ஒருமுறை ஓர் எழுத்துப் பிசகி
லார்னகா விமான நிலையத்தில்
ஒருத்தியை ஆறு மணிநேரம் இருத்திவைத்தேன்.

சுவர் கலண்டரில் அந்தக் கடல்
சட்டைக்கு நீலம் கரைத்த வாளிபோல.
கீழே காஸ் லொறி ஹோர்ன் அடிக்கிறது.

நாலு வருடம் முடித்து வந்திருந்தாள்
கொச்சிக்கடை ஜெசிந்தா.
"கடல் எப்படி?"
"கடலோ? அது காசு கட்டினவையின்ர யன்னலுக்கு."
விரிப்பை உதறினால் ஊர் தெரியுமாம் அவளுக்கு.
நாப்பா மணல் மாவு, தும்மல் வரும்.
புரோட்டராஸ் மணல் குளியல் தொட்டியின் வாயை அடைக்கும்.
பரலிம்னிக்குப் பெயரில்தான் பரல்,
ஊர் உள்ளே, கரையே இல்லை.
ஆனாலும் சலவை வேனில் வந்திறங்கும் துவாய்களில்
ஒரு பிடி இருக்கும்.

கடவுச்சீட்டை மறுபடி நீட்டினாள்.
மகனுக்கு ஓ.எல். வகுப்புக் காசு.
"எந்த ஊர் போட?"
நகக்கண்ணைப் பார்த்தாள்.
"மண் குறைஞ்ச ஊர்."

படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை.
ஒவ்வோர் எழுத்தாய்
பரலிம்னி என்று அடித்தேன்,
இருமுறை சரிபார்த்து.