உறை

முதல் குழாய் பொய் சொன்னது.

வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு நூற்றுப்பத்துத் தப்படி.
நடுவே ஒரு முற்றம்.
மகெல்லன் ஜலசந்திக் காற்று
கேட்டைத் தட்டாமல் வந்துபோகிற முற்றம்.
தாதி அதை எஃகுத் தட்டில் கொண்டுவந்தாள்,
நான் வாங்கும்போதே சில்லிட்டிருந்தது.
தேடிய பொருள் வழியிலேயே உறைந்து
கட்டியோடு கட்டியாய் அடியில் போய்விட்டது.
மேலே தெளிந்த மஞ்சளில்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.
'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்:
எடெல்மிரா வெஞ்சூர், இரவு ஷிஃப்ட்.

அந்த 'ஒன்றுமில்லை'யோடு
நெவென்கா மார்ட்டினிச் ஒன்பது நாள் வேலைக்குப் போனாள்.

நண்டு ஆலை, உறைவறை, மைனஸ் இருபத்தெட்டு.
பதினேழு வருஷம்.
கங்காணியிடமும் பயம் கிடையாது,
குளிர்விட்டுப் போனவள் என்று அங்கே அவளுக்குப் பெயர்.
இரத்தத்துக்கு மட்டும் விடவில்லை.
முழங்காலுக்குக் கீழே ஊதாப் புள்ளிகள் வந்தன.
பெட்டி இடித்ததென்று நினைத்தாள்.
ஜூனில் ஒரு காலை
வெப்பமானியின் கடைசி எண்ணைக் காணோம்.
சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தாள்.
பிறகு கண்ணை.

கண் மருத்துவர் ஒலிவாரெஸ் என்னைக் கூப்பிட்டுப்
படத்தைக் காட்டினார், ஒன்றும் பேசாமல்.
விழித்திரையில் இரத்தக்குழாய் ஒவ்வொன்றுக்கும்
வெள்ளையாய் ஓர் உறை.
விடியலில் லெங்கா மரக் கிளைகளில்
உறைபனி ஏறி நிற்குமே, அப்படி.
"கண்ணுக்குள் குளிர் ஏது, சூடாகத்தானே இருக்கிறது?"
என்றாள் நெவென்கா.
நியாயமான கேள்வி.
அவர் சொன்ன பதில் நீளமாக இருந்தது,
எனக்கும் முழுதாகப் புரியவில்லை.

இரண்டாம் குழாய்க்கு நானே போனேன்.
ஊசி வெளியே வந்ததும் அக்குளுக்குள் செருகி
மேலே மூன்று ஸ்வெட்டர்.
முற்றத்தில் கட்டியிருக்கும் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
அடைகாக்கும் கோழி நடந்துபோனால் எப்படியோ
அப்படிப் போனேன்.
வாயில்காப்பாளர் கை உயர்த்தி வணக்கம் சொன்னார்.
பதிலுக்குக் கை தூக்க முடியவில்லை;
இன்றுவரை அவருக்கு என்மேல் வருத்தம்.

வெதுவெதுப்பிலேயே பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
நான்காம் நாள்
யாரும் உறை ஊற்றாமலே
தயிர்போல ஒரு விரற்கடை வெள்ளை.
உள்ளங்கையில் மூடினேன், கரைந்தது.
திரும்ப வைத்தேன், மறுநாள் வந்தது.
அறிக்கைக்கு அது போதும்.
ஆனாலும் இன்னொரு முறை செய்தேன்.

மாத்திரைகள். சந்தியாகோவுக்கு விமானம்.
புரதத்தை வடித்து இரத்தத்தைத் திருப்பித்தரும் இயந்திரம்.
"குளிரில் நிற்காதே" என்ற சீட்டு.
"இந்த ஊரில் எந்தக் கதவு வழியாக வெளியே போவதாம்?"
என்று சிரித்தாள்.
ஆலை அவளைக் கொப்பரைப் பக்கம் மாற்றியது.
நீராவியில் சிவந்து வரும் நண்டுகளை
வலது கண்ணால் எண்ணுகிறாள்.
இடது கண்ணில் ஒரு மூலை
திரும்பி வரவில்லை.

செப்டம்பரில் ஆய்வகத்துக்கு வந்தாள்.
"அதைப் பார்க்கணும்."
மன்னிப்புக் கேட்க இரண்டு வாக்கியம் யோசித்துவைத்திருந்தேன்.
அதற்குள் கை நீட்டிவிட்டாள்.
குழாயைக் கொடுத்தேன்.
விரல்களை மூடிக் காத்திருந்தாள்.
சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் நகர்ந்தது.
திறந்து பார்த்தோம்:
வெள்ளை அப்படியே இருந்தது.
அவ்வளவு குளிர்ந்த விரல்கள்.

"நீ பிடி" என்று
என் கையில் வைத்தாள்.